சனிக்கோள் விடயத்தில் நாம் விடும் பிழைகள்

2025 நவம்பர் முற்பகுதியில் ஓர் இரவு, மகனுக்கென்று புதிதாக வாங்கிய தொலைகாட்டியுடன் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு ஏறி வந்த அயலவர் ஒருவர், "தம்பி, இதிலை வளையத்தையே காணேல்லை, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். கருவியில் பிழை எதுவும் இருக்கவில்லை. சனியின் அச்சு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருப்பதாலும், அது சூரியனை ஒருமுறை சுற்றிவர 29½ ஆண்டுகள் எடுப்பதாலும், ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் வளையங்கள் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டுகின்றன. 2025 மார்ச் 23 அன்று அது நிகழ்ந்தது. நவம்பரில் நம் பார்வைக்கு வளையத்தின் சாய்வு மீண்டும் அரைப் பாகையளவுக்குக் குறைந்திருந்தது. 1610இல் சனியின் இரு பக்கத்திலும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ட கலிலியோவும், 1612இல் அவை மறைந்துபோனதைப் பார்த்துத் திகைத்தவர்தான். ஆகையால் அயலவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் "வளையம் அழிந்துவிட்டது" என்று நம்புவது தவறு. வளையத் துணிக்கைகள் சனியின் மீது மழைபோல் பெய்துகொண்டிருப்பது உண்மையே என்றாலும், அவை தீர்ந்துபோகப் பல கோடி ஆண்டுகள் ஆகும். 2032 அளவில் அதே தொலைகாட்டியில் வளையங்கள் நன்றாக விரிந்து தெரியும்.

வளையத்தைத் தட்டுப்போன்ற ஒரே திண்மப் பொருளாக நினைப்பது இன்னொரு பிழை. அப்படியொரு தட்டு சனியைச் சுற்றி நிலைத்திருக்க முடியாது என்று 1859இல் இயற்பியலாளர் மக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார். தூசி முதல் வீட்டளவு வரையான பனிக்கட்டித் துண்டுகள் தனித்தனியே சுற்றுகின்றன, உட்புறத்தில் உள்ளவை வேகமாகவும் வெளிப்புறத்தில் உள்ளவை மெதுவாகவும் ஓடுகின்றன. முதன்மை வளையங்களின் குறுக்களவு ஏறத்தாழ 2,73,000 கிலோமீற்றர். தடிப்போ பெரும்பாலான இடங்களில் 10 மீற்றர் அளவுதான். அப்பியாசக் கொப்பித் தாளின் தடிப்புக்கு வளையத்தைச் சுருக்கினாலும், அந்தத் தாள் காலி வீதியில் அரை மணித்தியாலம் நடக்கும் தூரத்துக்கு விரிந்து கிடக்கும். விளிம்பாகத் திரும்பும்போது அது ஏன் காணாமற்போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வளையங்களுக்கிடையே கருங்கோடாகத் தெரியும் கசினிப் பிரிவையும் வெற்றிடம் என்று சொல்லிவிடக் கூடாது. 4,800 கிலோமீற்றர் அளவு அகலமுள்ள அந்த இடைவெளியிலும் ஐதான துணிக்கைகள் உள்ளன.

சனியின் சராசரி அடர்த்தி நீரினதை விடக் குறைவு என்பதற்காக, "பெரிய வாளி கிடைத்தால் மிதக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அடர்த்தியை நினைவில் வைக்க உதவும் வேடிக்கை அது, அவ்வளவே. வாயுக்கோள் என்றால் முழுவதும் மேகம் என்பதும் தவறு: உள்ளே செல்லச்செல்ல அமுக்கத்தால் ஐதரசன் திரவமாகி, அதற்கும் ஆழத்தில் உலோகத்தைப்போல் மின்னைக் கடத்தும் நிலையை அடைகிறது.

உபகோள்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் 128 உபகோள்கள் ஒரேயடியாகச் சேர்க்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. புதியவற்றுள் பெரும்பாலானவை சில கிலோமீற்றர் அளவேயான, கல்லும் பனிக்கட்டியும் கலந்த துண்டுகள். வினாவிடைப் போட்டிகளில் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் புள்ளியைக் குறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய குழப்பம் தைத்தான், என்செலடஸ் என்னும் இரு உபகோள்களையும் ஒன்றாக்குவதில் உள்ளது. புதன் கோளை விடப் பெரிய தைத்தானில் ஏரிகள் உண்டு, ஆனால் அவற்றில் இருப்பது நீரல்ல. மறை 179 பாகை செல்சியசில் திரவமாக நிற்கும் மெதேனும் எதேனும். 2005ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, ஜனவரி 14இல், ஹைகன்ஸ் ஆய்கலம் அங்கேதான் தரையிறங்கியது. 500 கிலோமீற்றர் குறுக்களவுள்ள என்செலடசிலோ பனிக்கட்டி ஓட்டின் கீழ் உண்மையான நீர்க்கடல் உள்ளது. அதன் தென்முனையில் இருந்து பீறிடும் பனித்துகள்களே சனியின் புறத்தே மங்கலாகப் பரந்துள்ள 'ஈ' (E) வளையத்தை உண்டாக்குகின்றன. இரண்டிலும் உயிர் கண்டுபிடிக்கப்படவில்லை. அவற்றை மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காகவே, சனியைச் சுற்றி ஆராய்ந்துவந்த கசினி விண்கலத்தை 2017 செப்டெம்பர் 15 அன்று சனிக்குள் விழுத்தி எரித்தார்கள்.

ஏழரைச் சனியைப் பற்றி நான் வாதிட வரவில்லை. அந்த ஏழரை, 29½ ஆண்டை 12 இராசிகளுக்குப் பங்கிட்டு மூன்று இராசிகளை எடுத்த கணக்கு. ஆனால் 'வக்கிரம்' என்றால் சனி உண்மையிலேயே பின்னோக்கிப் போகிறது என்று கொள்ளக் கூடாது. கரையோர ரயிலில் இருந்து பார்த்தால் மரைன் டிரைவில் அதே திசையில் ஓடும் முச்சக்கரவண்டி பின்செல்வதுபோலத் தெரியுமல்லவா, பூமி முந்தும்போது சனியும் அப்படித்தான் தெரிகிறது.

கொழும்பின் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது என்று பலர் முயன்று பார்ப்பதேயில்லை. சனிக்கு அந்த வெளிச்சம் ஒரு பொருட்டல்ல. கெடுப்பது பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீற்றுத் தளம். அதிலிருந்து எழும் சூட்டில் படம் கொதிநீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடும். இரவு பத்து மணிக்குப் பின் பாருங்கள். குளிரூட்டிய அறையில் இருந்து வெளியே கொண்டுவந்தவுடன் வில்லையில் ஈரம் படியும், அதைத் துணியால் துடைக்காமல் அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும், 60 மில்லிமீற்றர் வில்லை 120 மடங்குக்கு மேல் தாங்காது. 50 மடங்கே போதும்.

சனிக்குப் பக்கத்தில் தெரியும் புள்ளியையெல்லாம் உபகோள் என்று எழுதிவிடவும் கூடாது. அயலவரின் மகன் தெளிவான இரவுகளில் மட்டும் கொப்பியில் வரைந்துவந்த படங்களில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று பக்கம் மாறி, 16ஆம் நாள் தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தது, அது தைத்தான். மற்றையது சனியைச் சுற்றாமல் நாளுக்கு நாள் விலகிப்போயிருந்தது. அதன் அருகே அவன் 'வெள்ளி' என்று எழுதி, அது கோளாகிவிடும் என்று அடித்து, 'விண்மீன்' என்று திருத்தியிருந்தான்.