நவம்பரில் ஒரு வேலியோரப் பூப்பாத்தி

லண்டனில் நவம்பர் பிறந்தால் பலரும் மண்வெட்டியைக் கழுவி உள்ளே வைத்துவிடுவார்கள். நான் அப்போதுதான் வெளியே எடுப்பேன். வருடாவருடம் தானாகத் துளிர்த்து வரும் செடிகளை வேலியோரம் நட இது நல்ல நேரம். கோடையில் மண் வாங்கிய சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். மேலே இலை காய்ந்தாலும் கீழே வேர் ஓடும். தண்ணீர் ஊற்றும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

இந்த மாதம் செடிகள் பாதி விலைக்கும் கிடைக்கும், செத்தவை போல இருப்பதால். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் வாங்கலாம். கறுத்து, விரலில் நசுங்கினால் வேண்டாம். நான் வைப்பது ஆஸ்டர், ருட்பெக்கியா, ஜெரேனியம். ஜன்னலோரத்தில் தொங்கும் சிவப்பு 'ஜெரேனியம்' அல்ல. அது பெலார்கோனியம், உறைபனியில் போய்விடும். லாவெண்டரையும் வசந்தத்துக்குத் தள்ளிவையுங்கள். நவம்பரில் நட்ட என் மூன்று லாவெண்டரும் ஈரத்தில் அழுகின.

எங்களுடையது அசல் களிமண். காலணியில் அப்பிக்கொண்டு வரும் நாளில் அதைத் தொடவே கூடாது. மற்ற நாட்களிலும் பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை. மிதித்தால் மண் இறுகிவிடும். மக்கிய எருவைக் குழிக்குள் மட்டும் போடாமல் பாத்தி முழுக்கப் பரப்பிக் கிளறுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குழியும் தண்ணீர் தேங்கும் சட்டியாகிவிடும்.

அப்புறம், நடுவதற்கு முன் தொட்டிகளை மண்மேல் வைத்துப் பாருங்கள். உயரமான ஆஸ்டர் பின்னால், ஜெரேனியம் முன்னால், இடையில் 45 செ.மீ. வெறுமையாகத் தெரியும், பரவாயில்லை. இடைவெளியில் 15 செ.மீ. ஆழத்தில் டியூலிப் கிழங்குகளைப் புதைத்து, மேலே கோழிவலை விரித்துவிடுங்கள். இங்குள்ள அணில்களுக்கு வெட்கமே கிடையாது.

தொட்டியில் இருந்த மட்டத்துக்கே செடியை நட்டு, கையால் அழுத்தி, மழை பெய்தாலும் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். வேரைச் சுற்றி மண் படிய வேண்டும். மேலே 5 செ.மீ. மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் மக்கிய எரு, குருத்தை மட்டும் விட்டு. கடும் உறைபனிக்குப் பிறகு ஒரு நடை போய், மேலெழும்பிய செடிகளைத் திரும்ப அழுத்திவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர்க்குச்சி குத்த மறக்காதீர்கள். ஏப்ரலிலும் முளைக்கவில்லையே என்று நான் தோண்டி எறிந்த பிளாட்டிகோடன் என்ற பூச்செடி, மே மாதத்தில் உரக்குவியலில் துளிர்த்து நின்றது.