பிள்ளைக்கு ஷ்வேஷ்வே குயில்ட்: டர்பன் வீடுகளுக்கான செய்முறை

கைக்குழந்தைக்குக் குயில்ட் (மூன்றடுக்கு ஒட்டுப் போர்வை) தைக்க, தென்னாப்பிரிக்காவில் புழங்கும் அச்சிட்ட துணியான ஷ்வேஷ்வே அருமையானது. முழுப் பருத்தி, நெருக்கமான நெசவு, துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஆனால் கடையிலிருந்து வரும்போது அட்டை போல விறைத்திருக்கும். கப்பலில் வந்த காலத்தில் கடல் ஈரம் தாக்காமலிருக்கப் போட்ட கஞ்சி இன்றும் தொடர்கிறது. இந்தத் துணியில் நடக்கும் முதல் தவறு, அந்தக் கஞ்சியோடே வெட்டித் தைத்துவிடுவது. பிறகு துவைக்கும்போது மேல்துணியும் அடித்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கும், குயில்ட் முழுக்கச் சுருக்கம் விழும். நீலச் சாயமும் வெளிர் நிறக் கட்டங்களில் இறங்கிவிடும்.

குயில்ட்டின் அளவு சுமார் 89 செ.மீ. சதுரம். ஷ்வேஷ்வே வழக்கமாக 90 செ.மீ. அகலம்தான். கட்டங்களுக்கும் விளிம்புப் பட்டிக்கும் சேர்த்து நீலத்தில் 1.2 மீட்டர், வேறொரு நிறத்தில் 80 செ.மீ. வாங்குங்கள். அடித்துணிக்கு ஷ்வேஷ்வேயின் அகலம் போதாது, 115 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பருத்தி ஃபிளானல் 1.2 மீட்டர் வேண்டும். நடுவே வைக்கும் பேட்டிங் (பஞ்சு அடுக்கு) 100 செ.மீ. சதுரம். டர்பன் குளிருக்கு மெல்லிய பருத்தி பேட்டிங்கே தாராளம். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு என்றால் சற்றுத் தடிமனானது எடுக்கலாம்.

அம்மாவின் பழைய பருத்திப் புடவையையும் இரண்டாவது நிறமாகச் சேர்க்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் இழை விலகித் தெரியும் இடத்தை விட்டுவிடுங்கள். சரிகை பிள்ளையின் தோலைக் கீறும், அதனால் கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வெதுவெதுப்பான நீரில் துவைத்து, நீர் தெளியும் வரை அலசுங்கள். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நிற்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அலசல்தான் வேலை செய்யும். அரை ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

பிறகு 14 செ.மீ. சதுரங்கள்: நீலத்தில் 25, மற்றதில் 24. இவை இரு நிறமும் மாறி மாறி, ஏழு கட்டம் கொண்ட ஏழு வரிசையாகும். வெட்டும்போது சுருங்கிய துணியின் அகலத்தில் ஐந்து கட்டம்தான் நிம்மதியாக வரும். நெசவுக் கோட்டை ஒட்டியே வெட்டுங்கள். சாய்ந்தால் கட்டம் இழுபட்டு வளையும்.

தையலுக்கு 0.75 செ.மீ. விடுங்கள். முதலில் இரண்டு கட்டங்களை மட்டும் இணைத்து அளந்து பாருங்கள்: 26.5 செ.மீ. வர வேண்டும். தையல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மில்லிமீட்டர் குறையும். ஏழு கட்ட வரிசையில் 12 மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். தைத்த மடிப்புகளை நீலத் துணியின் பக்கமாகத் தள்ளி இஸ்திரி போட்டால், அடுத்தடுத்த வரிசைகளில் மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் விழும். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விரலால் தடவினாலே பூட்டியது தெரியும்.

அடித்துணியைப் பின்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் இழுக்காமல் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். எத்தனை ஊக்கு என்று எண்ணி எழுதிவையுங்கள். கழற்றும்போது ஒன்று குறைந்தால் அது பிள்ளைக்குப் போகும் போர்வையில் இருக்கிறது.

மிஷினில் வாக்கிங் ஃபுட் (அடுக்குகளைச் சேர்த்தே நகர்த்தும் அழுத்துப் பாதம்) போட்டு, 3 மி.மீ. நீளத் தையலில், இணைப்புகளிலிருந்து 6 மி.மீ. தள்ளி நடுவிலிருந்து தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ந்த துணி நடுவே திரண்டு மடிப்பாகும். கையால் நூலோட்டுத் தையல் போடுவது இன்னும் மெதுவாக இருக்கும், ஆனால் தவறினால் பிரிப்பது எளிது.

விளிம்புக்கு 6 செ.மீ. அகலப் பட்டிகள் ஐந்து. சாய்வாக இணைத்து, நீளவாக்கில் பாதியாக மடித்து, மேற்பக்கம் தையுங்கள். மூலைக்கு 0.75 செ.மீ. முன்பே நிறுத்தி, பட்டியை 45 பாகையில் மேலே மடித்து, மறுபடி கீழே இறக்குங்கள். பின்பக்கத்தைக் கையால் ஹெம்மிங் செய்வதே என் தேர்வு. பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வேண்டாம். பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். பெயரை நூலால் பூவேலை செய்யுங்கள்.

ஒரு வயது ஆகும் வரை தூங்கும் தொட்டிலில் குயில்ட்டைப் போடாதீர்கள். முகத்தை மூடினால் மூச்சு முட்டும். தரையில் விரித்துக் கவிழ்ந்து விளையாடவிடவும், விழித்திருக்கும்போது மடியில் சுற்றிக்கொள்ளவும்தான் அதுவரை. இதைப் பெற்றோரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் மேலே காய்ந்தது போலிருந்தாலும் பேட்டிங்கில் ஈரம் நிற்கும். நடுவில் அழுத்திப் பாருங்கள். குளுமை தெரிந்தால் மறுபடி விரித்துவிடுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் கரும்பூஞ்சணப் புள்ளி விழும், அது போகவே போகாது.