முழு சூரிய கிரகணம்: கண்ணாடியை எப்போது கழற்றலாம்?

கிரகணம் என்றாலே "கண்ணாடி போட்டுக்கொள்" என்பார்கள். சரி, முழு கிரகணத்தின்போது எப்போது கழற்றுவது? அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் கண் கெடும், அல்லது முக்கியமான காட்சியே தவறிப்போகும்.

1. இடம். சூரியனின் விட்டம் நிலவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவின் கருநிழல் ஓடும் குறுகிய பாதைக்குள் நின்றால் மட்டுமே முழு மறைப்பு கிடைக்கும். 99 சதவீதம் போதும் என்று பாதைக்கு வெளியிலேயே நின்றுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் 1 சதவீதமே கொரோனாவை (சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிப்படலம்) மறைத்துவிடும், கண்ணையும் கெடுக்கும். பாதையின் நடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்க நேரம் கூடும். 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும்.

2. கண்ணாடி. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12312-2க்கு உட்பட்டதை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் போட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவர், மேசை எதுவும் தெரியக்கூடாது. கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவது அப்போது உறைக்காது. குழந்தைகளுக்குக் காகிதக் கண்ணாடி நழுவும். அதை ஒரு காகிதத் தட்டில் ஒட்டி முகமூடிபோலக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பைனாகுலர் வைத்திருந்தால் வடிகட்டி அதன் முன்பக்க லென்ஸில்தான் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெறும் பைனாகுலரில் பார்த்தால், குவிந்த வெப்பம் கண்ணாடியின் பிலிமைத் துளைத்துக் கண்ணுக்குப் போய்விடும்.

3. கழற்றும் நொடி. கண்ணாடி வழியே பிறை மெலிந்துகொண்டே வந்து நூலாகும். அப்புறம் மணிமணியாக உடையும். நிலவின் பள்ளத்தாக்குகள் வழியே கசியும் ஒளி அது. கடைசி மணியும் அணைந்து, கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியாமல் போகும். அப்போது கழற்றுங்கள். அதற்கு முன் யார் கத்தினாலும் வேண்டாம்.

இப்போது வெறும் கண்ணால் பார்க்கலாம். கரிய வட்டத்தைச் சுற்றி வெள்ளி இழைகளாகக் கொரோனா, ஓரத்தில் இளஞ்சிவப்புச் சுடர்கள், பட்டப்பகலில் வெள்ளிக் கோள், தொடுவானம் முழுக்க அந்தி நிறம். முதல் முறை பார்ப்பவர்கள் கேமராவைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

4. திரும்பப் போடுவது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் இடத்தில் மறைப்பு எத்தனை நொடி என்று முன்பே பார்த்து, முடிய 15 நொடி இருக்கும்போது ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள். ஒரு ஓரம் சிவந்து தடிக்கத் தொடங்கினால் நேரம் முடிகிறது. வைரம்போல ஒரு புள்ளி மின்னினால் உடனே பார்வையைத் திருப்பிக் கண்ணாடியைப் போடுங்கள்.

பின்சேர்க்கை: வளைய கிரகணத்துக்கு 3ஆம் படி பொருந்தாது. அதில் சூரியன் முழுதாக மறைவதே இல்லை; தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணாடியைக் கழற்றவே கூடாது.