அப்பத்தா போன்ல தானா வர்ற போட்டோ வீடியோ: லீவுக்கு ஊருக்கு போனா இத பண்ணிட்டு வாங்க

காரைக்குடிக்கு லீவுக்கு வந்தாலே அப்பத்தா போன் என் கைக்கு வந்துரும். குடும்ப க்ரூப்புல பிள்ளையார்பட்டி பிள்ளையார் போட்ட காலை வணக்கம், மலேசியாலேர்ந்து கல்யாண வீடியோன்னு ரொம்பி கெடக்கும். "நா எதையும் தொடுறதில்லப்பா, அதுவா வருது"ம்பாக. அதுவா வர்றதுதான் சிக்கலே, ஏன்னா நம்ம தொடாட்டியும் சின்னதா படம் காட்டறதுக்காக போனே அந்த பைல பிரிச்சு படிச்சிருது.

நம்ம ஊர் வளவு வீட்ட (முத்தத்த சுத்தி அறைங்க இருக்கற செட்டிநாட்டு பெரிய வீடு) நெனச்சுக்கங்க, புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை. கல்யாண சாமான் லிஸ்ட்ல அண்டா 10னு எழுதியிருக்கு, அதுக்கு தக்கன அறை ஒதுக்கியாச்சு, வந்து எறங்குனதோ 15, எண்ணிப் பாக்காம அடுக்குனா மிச்சம் பக்கத்து புள்ளி அறைக்குள்ள போயி அங்க இருந்தத அமுக்கிரும். பைலும் இப்படித்தான், பொய் லிஸ்டோட வரும், அத படிக்கிற புரோகிராம், சி-ங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதுன பழைய கோட், எண்ணாது, பக்கத்து மெமரில வேணும்னே விழுற மாதிரி ஆள் செஞ்சு அனுப்புனா போனே அவன் கைல. 2023 செப்டம்பர்ல வெப்பி (WebP)ங்கற வகை படங்கள படிக்கிற லிப்வெப்பி லைப்ரரில, அதாவது பல ஆப்பும் எடுத்து வச்சுக்கற ரெடிமேட் கோட்ல, இதேதான், குரோம்லேர்ந்து பயர்பாக்ஸ் வரைக்கும் அவசரமா அப்டேட் விட்டாங்க. 2019ல வாட்ஸ்அப்ல ஜிஃப் பைலால வந்தது வேற ரகம், ஒரே அறைய ரெண்டு தடவ காலின்னு எழுதி ரெண்டு பேருக்கு சாவி குடுத்த கத.

சரி வேலைக்கு வருவோம். மொதல்ல அப்டேட், மத்ததெல்லாம் அப்பறம்தான். பிளே ஸ்டோர்ல ஆட்டோ அப்டேட் ஆன் பண்ணுங்க, போன் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட்டும் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்டும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் பாருங்க, ஆண்ட்ராய்டு 10லேர்ந்து வீடியோ பிரிக்கிற பாகம் அந்த ரெண்டாவது வழியாதான் புதுசாகுது, அத யாரும் தொடுறதே இல்ல.

அப்பறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதுல மீடியா ஆட்டோ டவுன்லோட். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுலயும் எல்லா டிக்கையும் எடுத்துருங்க. சாட்ஸ்ல மீடியா விசிபிலிட்டியும் ஆஃப், இல்லாட்டி கேலரி வேற தனியா பிரிச்சுப் பாக்கும். பிரைவசில, க்ரூப்ல யாரு சேக்கலாங்கறதுக்கு மை கான்டாக்ட்ஸ். எந்த படத்த பாக்கணுமோ அத தட்டி எறக்கிக்கங்கன்னு ஒருவாட்டி காட்டுங்க, ரெண்டு நாள் திட்டுவாக, பழகிரும்.

பேர் .ஜிஃப்னு முடியுது படம்தானேன்னு நம்பாதீங்க. 2021ல ஐபோன தாக்குனது ஜிஃப்னு பேர் வச்சுக்கிட்டு வந்த பிடிஎஃப், ஐமெசேஜ்ல வந்துச்சு, தட்டக்கூட வேணாம். ஐஓஎஸ் 14.8லதான் அடைச்சாங்க.

வீட்டு கம்ப்யூட்டர்ல வருஷக்கணக்கா கெடக்கற விஎல்சியையும் (வீடியோ பிளேயர்) புதுசாக்குங்க, அதுவும் பைல பிரிச்சு படிக்கறதுதான், கல்யாண வீடியோவோட ஸ்டுடியோக்காரர் குடுக்கற பென்டிரைவ் எத்தன சிஸ்டத்துல சொருகுனதோ.

கம்பெனி அப்டேட்டே நிறுத்திட்ட பழைய போனா? பேசுறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டு பேங்க் ஆப்ப மொதல்ல எடுத்துருங்க.