பினோட்டாஜ் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பதுதான் நம் ஆட்கள் செய்கிற முதல் தவறு. பினோட்டாஜ் என்பது தென்னாப்பிரிக்காவின் சிவப்பு ஒயின் திராட்சை ரகம். அதற்கான நாள் என்று கொண்டாடுவது அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையை. எந்த வருடமானாலும் அது புரட்டாசிக்குள்தான் வந்து விழும், அதுவும் சனிக்கிழமையாக! புரட்டாசி முழுக்கக் கறி, மீன், மது எதையும் தொடாத வீடுகள் டர்பன் பக்கம் எத்தனை என்று சொல்லவா வேண்டும்? டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு கேப் டவுனில் வந்து இறங்கிய பிறகுதான் அண்ணிக்கு இது உறைத்தது. டிக்கெட் போட்டவன் நான். இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.

இந்த ஒயினோடு கொறிக்கத் தருவது பெரும்பாலும் பில்டோங். வினிகர், உப்பு, மிளகு, கொத்தமல்லி விதை தடவி உலர்த்திய இறைச்சி. வாசனை நம்ம உப்புக்கண்டம் மாதிரியே இருக்கும், ஆனால் அநேகமாக மாடு. மான், நெருப்புக்கோழி பில்டோங்கும் உண்டு. கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

கொடியில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டவும் வேண்டாம். பினோட்டாஜ் சீக்கிரம் பழுக்கிற ரகம். பிப்ரவரி வாக்கில் அறுவடை நடந்துவிடும். அக்டோபரில் தளிர் இலைதான் இருக்கும்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். "எல்லாம் ஒரே திராட்சைதானே, ஒரு கிளாஸ் குடித்தால் தெரிந்துவிடாதா?" என்று நினைப்பது. ஒரே ரகத்துக்கு விழா எடுப்பதே, அதற்குள் எத்தனை வேறுபாடு இருக்கிறது என்று பார்க்கத்தான். பொன்னி அரிசியையே பத்து வீட்டில் வடித்தால் பத்து விதமாக இருப்பதில்லையா?

பினோட்டாஜ் இந்த மண்ணிலேயே பிறந்த ரகம். 1925-இல் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட், பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை ரகங்களைக் கலந்து உண்டாக்கினார். சின்சோவுக்கு அப்போது இங்கே ஹெர்மிடேஜ் என்று பெயர். பினோவும் ஹெர்மிடேஜின் வால்பகுதியும் ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர். கிடைத்தவை நான்கே விதைகள். அவற்றைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தபோது, அந்த வழியாகப் போன சார்லி நீஹௌஸ் என்ற இளம் விரிவுரையாளர்தான் நாற்றுகளைக் காப்பாற்றினார். லேபிளில் இந்தப் பெயரோடு முதல் பாட்டில் கடைக்கு வந்தது 1961-இல், லான்செராக் என்ற பிராண்டில்.

பெயரில் பினோ இருக்கிறதே என்று பினோ நுவாரின் மென்மையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நன்றாகச் செய்த பினோட்டாஜில் நாவற்பழத்தின் கருமையும் துவர்ப்பும் இருக்கும். கவனமில்லாமல் நொதிக்க விட்டால் பெயின்ட் வாடையோ வாழைப்பழ வாடையோ அடிக்கும். ஒரு காலத்தில் இதன் பெயர் கெட்டதே அதனால்தான்.

எனவே ருசி பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின், பீப்பாய் படாத இளசுகள், பிறகு ஓக் மரப் பீப்பாயில் கிடந்தவை, கடைசியில் காபி வாசனைக்காரர்கள். இந்தக் காபி பாணியை 2001-இல் வெலிங்டனின் டீமர்ஸ்ஃபொன்டெய்ன் பண்ணை பிரபலமாக்கியது. காபி எதுவும் சேர்ப்பதில்லை, வறுத்த ஓக் தருகிற மணம் அது. நம் ஃபில்டர் காபி நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அதில் ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். நான் முதல் தடவை அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். 'கேப் பிளெண்ட்' என்று எழுதியிருந்தால் அது பினோட்டாஜோடு வேறு ரகங்களும் சேர்ந்த கலவை. ஒப்பிடும்போது அதைத் தனியே வையுங்கள்.

அத்தரையும் சென்டையும் அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் கிளாஸில் அதுதான் மணக்கும்.

துப்புவதற்கு வெட்கப்படுவது அடுத்தது. மேசையில் வாளி வைத்திருப்பதே அதற்குத்தான். ஒரு ருசிக்கு 25 மில்லி என்றாலும் பன்னிரண்டு ருசிக்கு 300 மில்லி, அதாவது பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு. பினோட்டாஜில் ஆல்கஹால் 14 சதவீதம் வரை சாதாரணம். தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் என்ற வரம்பை எட்டவே கூடாது. ஒயின் பண்ணைகள் ஊருக்கு வெளியே இருப்பதால் திரும்பி வர டாக்சி கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. எங்களுக்கு விரதக்கார அண்ணன் டிரைவராக வாய்த்தார். அவர் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து மட்டும் பார்த்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

அவர் வாங்கிய இரண்டு பாட்டில்களை, தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை டர்பன் மசாலா போட்ட ஆட்டுக்கறியோடு திறந்திருக்கிறார். உடனே போன். "தம்பி, எரியறது ஒயினா காரமான்னே தெரியலை." மிளகாய் ஏற ஏற ஆல்கஹாலின் எரிச்சலும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும். பாட்டிலை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், குழம்பில் மிளகாயைக் குறையுங்கள் என்றேன். முதலாவதற்கு மட்டும் அண்ணி சம்மதித்தார்.