கற்பனை நாட்டுக்குச் சபாநாயகரை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பனை நாடுகளைக் களமாகக் கொண்டு நாவல் எழுதத் தொடங்குபவர்கள் சில ஆண்டுகளாகத் தங்கள் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் படித்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். ஆறு எந்த மலையில் பிறக்கிறது, நாணயத்தில் யாருடைய தலை இருக்கிறது, அரச குடும்பத்தில் யாருக்கு யார் தாய்மாமன் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்திருப்பவர்கள், கதை சட்டமன்றத்துக்குள் நுழைந்து சபாநாயகர் இருக்கையில் அமர்ந்ததும் தடுமாறிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை என் முதல் நாவலில் நானே செய்த தவறுகள் என்பதால், படிக்கும்போது எனக்குக் கோபம் பாதியும் கூச்சம் பாதியுமாக இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெயரும் பத்தாம் அத்தியாயத்தில் வேறு பெயருமாகச் சபாநாயகர் வருவது போன்ற பிசகுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை யார் கண்ணிலும் படும்.

நடுவரையும் தளபதியையும் ஒரே நாற்காலியில் அமர்த்துவது

பிரிட்டன் மக்களவையின் சபாநாயகர் தேர்வானதும் தம் கட்சியை விட்டு விலகிவிடுகிறார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரோ பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே இருக்கிறார். எந்த மசோதா எப்போது வாக்கெடுப்புக்கு வரும் என்பதில் அவர் கை ஓங்கியிருக்கும். புதிதாக எழுதுபவர்கள் முதல் பாதியில் முன்னவரையும், கதை சூடுபிடித்ததும் பின்னவரையும் எழுதிவிடுகிறார்கள். ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தெரிந்தே எழுதுங்கள். இந்தியாவில் சபாநாயகர் கட்சியை விட்டு விலக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவர் நடுநிலையாளர் என்ற எதிர்பார்ப்பு உண்டு. 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தபோது, ஆதரவை விலக்கிக்கொண்ட மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த மக்களவைச் சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி பதவி விலக மறுத்து அவையை நடத்தி முடித்தார். வாக்கெடுப்புக்கு மறுநாளே கட்சி அவரை நீக்கியது. நாவலாசிரியனுக்குத் தேவையான முரண்பாடு முழுவதும் அந்த இரண்டு நாள்களில் இருக்கிறது.

முதல் நாளன்று அவரையே தலைமை தாங்க வைப்பது

தேர்தல் முடிந்து புதிய அவை கூடும் நாளில் சபாநாயகர் இன்னும் தேர்வாகியிருக்க மாட்டார். அப்படியானால் அவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை நடத்துபவர் யார்? இந்தியாவில் அதற்கெனத் தற்காலிக சபாநாயகர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். ஜெர்மனியில் 2017 வரை வயதில் மூத்த உறுப்பினர் முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அதன் பிறகு, அவையில் அதிக ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அந்தப் பொறுப்பு மாறியது. அமெரிக்காவில் முந்தைய அவையின் செயலாளர் நடத்துகிறார். 2023 ஜனவரியில் அங்கே சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது; அதுவரை புதிய உறுப்பினர்கள் பதவிப் பிரமாணமே எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்படிப்பட்ட ஒரு காலி நாற்காலியை வைத்தே முழு அத்தியாயம் எழுதலாம். நம்மவர்களோ அதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

சுத்தியல்

அமெரிக்காவில் உண்டு. பிரிட்டன் மக்களவையில் இல்லை.

சபாநாயகரை இரண்டு முறை எண்ணுவது

இதைப் பற்றி நீளமாகப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்குப் பணமும் ஓராண்டும் செலவு வைத்த தவறு இது.

என் கற்பனை நாட்டின் அவையில் 120 உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆளுங்கட்சிக்கு 61, எதிர்க்கட்சிக்கு 59. சபாநாயகர் ஆளுங்கட்சியிலிருந்து வந்தவர். பிரிட்டனையும் இந்தியாவையும் பின்பற்றி, வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்களிக்கலாம் என்ற விதியை இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதிவைத்திருந்தேன். கதையின் உச்சத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அவையின் நடுவே நடந்து, எதிர்வரிசையில் போய் அமர்கிறார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. செயலாளர் 60-க்கு 60 என்று வாசிக்கிறார். சபாநாயகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றரைப் பக்கம் யோசித்து, அரசைக் காப்பாற்றுகிறார். அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பக்கங்கள் வடிவமைக்கப்பட்டு மெய்ப்பு வந்தபோது, திருத்திய பெண்மணி அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘60+60+1=121. இந்த ஒருவர் யார்?’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த ஒருவர் சபாநாயகர்தான். 61 பேரில் அவரும் அடக்கம் என்பதால், ஆளுங்கட்சிக்கு அவையில் வாக்களிக்கக்கூடியவர்கள் தொடக்கத்திலிருந்தே 60 பேர்தாம். அவர்களில் ஒருவர் எதிர்வரிசைக்குப் போய்விட்டால் கணக்கு 59-க்கு 60 ஆகிறது. அங்கே சமநிலை என்பதே ஏற்படவில்லை. சபாநாயகருக்கு வாக்களிக்கும் வாய்ப்பே வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே அரசு கவிழ்ந்துவிட்டது.

சரிசெய்ய எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். அந்த உறுப்பினர் கட்சி மாறக் கூடாது, வாக்கெடுப்புக்கு வராமல் இருக்க வேண்டும். அப்போதுதான் 59-க்கு 59 என்று நிற்கும். எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அவையின் நடுவே நடந்துபோய்த் துரோகி என்று பெயர் வாங்கிய மனிதர் இப்போது தாழ்வாரத்தில் தூணோரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவராக ஆகிவிட்டார். வராமல் போனவரை யாரும் கொடும்பாவி கட்டி எரிக்க மாட்டார்கள். அவருடைய துரோகத்தின்மேல் கட்டப்பட்ட ஒன்பது அத்தியாயங்களை மாற்றி எழுத வேண்டியிருந்தது. வடிவமைப்புச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

நிஜ வரலாறு இந்தக் கணக்கை என்னைவிடக் கச்சிதமாகப் போட்டிருக்கிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் காலகன் அரசு 311-க்கு 310 என்ற ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஆளும் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் கடும் நோயால் வர இயலாத நிலையில் இருந்தார். அவர் வந்திருந்தால் சமநிலை ஏற்பட்டு, முடிவு சபாநாயகரின் கைக்குப் போயிருக்கும்.

போனால் என்ன செய்திருப்பார் என்பதும் ஏறத்தாழத் தெரிந்ததே. சபாநாயகர் டெனிசன் 1867-இல் கூறிய விளக்கத்தை ஒட்டி அங்கே வளர்ந்த மரபின்படி, அவையில் பெரும்பான்மை இல்லாத ஒரு மாற்றத்தைச் சபாநாயகர் தம் வாக்கால் உருவாக்குவதில்லை. விவாதம் தொடர வழியிருந்தால் தொடரவிடுவார், இல்லையென்றால் இருக்கிற நிலையைக் காப்பார். ஆகவே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் சமநிலை வந்தால் அவருடைய வாக்கு தீர்மானத்துக்கு எதிராக விழும். என் சபாநாயகர் ஒன்றரைப் பக்கம் மனசாட்சியோடு போராட வேண்டிய அவசியமே இல்லை. அவர் மரபை மீறி வாக்களித்திருந்தால்தான் அது கதை.

இப்போது எரிச்சல் வருவது எதற்கென்றால், இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டும்போது வரும் பதிலுக்குத்தான்: ‘என் நாடு கற்பனை நாடுதானே ஐயா, சபாநாயகருக்கு இரண்டு வாக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.’ தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் தலைமை தாங்குபவருக்கு, வாக்குகள் சமமானால் இரண்டாவது வாக்கு உண்டு. ஆனால் அந்த விதி நெருக்கடிக்கு முந்தைய பக்கத்தில் முளைக்கக் கூடாது. அதற்கு முன் கதையில் நடந்த ஒவ்வொரு வாக்கெடுப்பும் அந்த விதிப்படி மறுபடி எண்ணப்பட வேண்டும். இதுவரை அப்படி எண்ணிவிட்டுத் திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

கணக்கை முன்கூட்டியே போட்டவர்களுக்கு, சமநிலையில் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார் என்ற விதி ஒரு புதையல். 2011 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் தொழிற்கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் ஹாரி ஜென்கின்ஸ் அந்தப் பதவியை விட்டு விலகிச் சாதாரண உறுப்பினரானார். எதிரணியைச் சேர்ந்த பீட்டர் ஸ்லிப்பர் அந்த இருக்கைக்கு வந்தார். ஒரு தேர்தலும் நடக்காமல், ஒருவரும் ஆளும் தரப்புக்குத் தாவாமல், அவையில் அரசுக்கு ஒரு வாக்கு கூடி எதிரணிக்கு ஒன்று குறைந்தது.

ஒற்றைப்படை எண்ணை நம்புவது

உறுப்பினர் எண்ணிக்கையை 121 என்று வைத்தால் சமநிலை வராது என்று நினைக்கிறார்கள். வாக்களிக்காத சபாநாயகரைக் கழித்தால் மிஞ்சுவது 120. சுவீடனில் 350 இடங்கள் இருந்தபோது 1973 தேர்தலில் இரு அணிகளும் 175-க்கு 175 என்று வந்து நின்றன. சமநிலை ஏற்பட்ட வாக்கெடுப்புகளைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள். அடுத்த தேர்தலிலிருந்து இடங்களை 349 ஆக்கினார்கள். அது அங்கே பொருந்தியதற்குக் காரணம், சபாநாயகர் வாக்களிக்காவிட்டாலும் அவருடைய இடத்தில் ஒரு மாற்று உறுப்பினர் அமர்ந்து வாக்களிக்கிறார்.

தம்மை நீக்கும் தீர்மானத்துக்குத் தாமே தலைமை தாங்குவது

இந்திய அரசியல் சட்டத்தின் 96-ஆம் பிரிவைப் படியுங்கள். அவர் பேசலாம், சாதாரண உறுப்பினராக வாக்களிக்கலாம். தலைமை தாங்க முடியாது, சமநிலையில் வாக்கும் இல்லை.

அவையோடு சேர்த்து அவரையும் கலைத்துவிடுவது

அண்மையில் படித்த ஒரு பிரதியில் அவை கலைக்கப்பட்ட இரவே சபாநாயகர் அரசு இல்லத்தைக் காலி செய்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறார். எழுத்து உருக்கமாகவே இருந்தது. ஆனால் அந்த நாட்டின் சட்டம் இந்தியாவைப் பார்த்து அமைக்கப்பட்டதாக ஆசிரியரே முன்னுரையில் சொல்லியிருந்தார். இந்தியாவில் மக்களவை கலைக்கப்பட்டாலும், புதிய அவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்பு வரை சபாநாயகர் பதவியில் நீடிக்கிறார். உறுப்பினர்கள் எல்லோரும் முன்னாள் ஆகிவிட்ட அந்த வாரங்களில், விளக்கணைந்த கட்டடத்தில் பதவியோடு எஞ்சியிருக்கும் அந்த ஒரு மனிதரை ஊருக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துக்கு ஒருவராகப் புதுப் பாத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தார் ஆசிரியர்.