மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து ஊரான பெஸ்தாரி ஜெயாவின் பழைய கடைப்பலகைகளைப் படமெடுத்துச் சேகரிக்கும் முறை

தோட்டத்து மக்கள் சம்பள நாளில் தேடிவந்த மளிகைக்கடை, அடகுக்கடை, முடிதிருத்தகம் ஆகியவற்றின் பலகைகளை, வெயில் சாய்ந்து விழும் காலையில், எதிர்ச்சாரியில் நேராக நின்று எடுங்கள். உச்சிவெயிலில் கூரைநிழல் எழுத்தை மறைத்துவிடும். தூரிகைத் தடம் தெரியும் அண்மைப்படமும் கடைமுகப்புப் படமும் கட்டாயம் வேண்டும்.

காலத்தைப் பெரும்பாலும் பலகையே சொல்லும். ஊரின் பழைய பெயரான 'பத்தாங் பெர்ஜுந்தை' என்றிருந்தால், ஊர்ப்பெயர் மாறிய 2007க்கு முந்தையதாக இருக்கலாம். மலாய்ச் சொற்கள் 1972ஆம் ஆண்டு மலாய் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருந்தால், இன்னும் பழையதாக இருக்கக்கூடும். யானைத் துதிக்கைபோன்ற வளைவு வைத்த பழைய வடிவத் தமிழ் 'லை', 'னை' எழுத்துகளைத் தனியே படமெடுங்கள். என் கண்ணுக்கு அவற்றைவிட அழகான எழுத்தில்லை.

கழற்றிய பலகையைக் கேட்டுப் பெறும்போது, அதை எழுதியவர் யார் என்று உரிமையாளரிடம் விசாரித்து, பின்புறம் பென்சிலால் குறித்துவையுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பழைய வண்ணம் உரிந்துவிடும்.